பாப்பா கேட்ட கேள்விகள்

கிரேன்காரர் கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைத்தபோது, முதுகில் தொங்கிய பைக்குள் உலக உருண்டை கடகடவென்று ஒருமுறை சுற்றி நின்றது.

அதைக் கீழே யாரிடமும் கொடுத்து வைக்க அவருக்கு மனம் வரவில்லை. காலையில் நாற்பது மாடி உயரத்துக்கு அதையும் சுமந்துகொண்டு ஏறினார். நாள் முழுக்கக் கேபினில் காலடியில் வைத்துக்கொண்டார். இப்போது சுமந்துகொண்டே இறங்கியிருக்கிறார்.

கட்டடம் முடிந்துவிட்டது. நாளை கிரேனைப் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

சிக்னல்காரன் வாக்கி டாக்கிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். கீழே நின்று, எதை எங்கே இறக்க வேண்டும் என்று மேலே சொல்பவன் அவன்தான். முப்பது வயது இருக்கும்.

ஒன்றரை வருடத்தில் இருவரும் பேசிக்கொள்ளாத வேலைநாளே இல்லை. ஆனால் முகம் பார்த்துப் பேசியது நாலைந்து தடவைகூட இருக்காது. மற்றவர்கள் வருவதற்கு முன்பே இவர் ஏறிவிடுவார். எல்லோரும் போன பிறகுதான் இறங்குவார். மேலிருந்து பார்த்தால் அவன் ஒரு மஞ்சள் தொப்பி. அவ்வளவுதான்.

தினமும் பதினோரு மணிக்குத் தேநீர் இடைவேளையில் அந்த மஞ்சள் தொப்பி கூப்பிடும்.

“அண்ணே, வீட்ல பாப்பா ஒண்ணு கேட்டா.”

மேலே போகப் போகச் சூரியன் கிட்டத்தில்தானே வருகிறது, பிறகு ஏன் குளிர்கிறது? ஒரு மணிக்கு ஏன் அறுபது நிமிடம், நூறு வைத்தால் என்ன? கடல் உப்பு, மழை மட்டும் ஏன் உப்பில்லை? வரிசையில் நிற்க வேண்டும் என்று முதலில் சொன்னது யார்?

கிரேன்காரர் எட்டாம் வகுப்போடு நின்றவர். சட்டென்று பதில் வராது. நாளைக்குச் சொல்கிறேன் என்று பாப்பாவிடம் சொல்லச் சொல்வார்.

சாயங்காலம் அறைக்குப் போய்ச் சாப்பிடுவார். ஒரு தட்டு, ஒரு டம்ளர். இரண்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பழைய புத்தகக் கடையில் வாங்கிய பள்ளிப் பாடநூல்களை விரித்துக்கொள்வார். படித்ததை எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்ப்பார்.

சுவர் எதிர்க்கேள்வி கேட்காது. பாப்பா கேட்பாள்.

வெயில் முதலில் தரையைத்தான் சுடவைக்கிறது, தரைதான் அடுப்பு, அடுப்பை விட்டுத் தள்ளிப் போனால் சூடு குறையும்தானே என்று ஒருநாள் சொன்னார். அப்படியென்றால் மலையும் தரைதானே, அங்கே ஏன் குளிர்கிறது என்று மறுநாளே பாப்பா மடக்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து, மேலே காற்று மெல்லிசான போர்வை, சூட்டைப் பிடித்து வைக்காது என்று கண்டுபிடித்த பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது.

அறுபது நிமிடத்துக்குச் சொன்ன பதில் அவளுக்கு ரொம்பப் பிடித்துப் போனதாம். அந்தக் காலத்தில் அறுபது அறுபதாக எண்ணிய மனிதர்கள் இருந்தார்கள். அறுபதை இரண்டு பேர், மூன்று பேர், நாலு பேர், ஐந்து பேர், ஆறு பேர் என்று இதில் எத்தனை பேருக்குப் பங்கு போட்டாலும் மிச்சம் விழாது, சண்டை வராது.

வரிசைக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. வாக்கி டாக்கியிலேயே மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று பாப்பா சொல்லி அனுப்பினாள்.

ஒன்றரை வருடத்தில் அவர் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

இப்போது பையிலிருந்து, பாப்பாவுக்காக வாங்கிய உலக உருண்டையை எடுத்து வாக்கி டாக்கிப் பெட்டியின் மேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“அடியில பேரு மட்டும் எழுதல. பாப்பா பேரு என்ன தம்பி?”

சிக்னல்காரன் தொப்பியைக் கழற்றினான். நெற்றியில் வார் அழுத்திய தடம் சிவப்பாகத் தெரிந்தது.

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலண்ணே.”

அவருக்குப் புரியவில்லை. அக்கா பிள்ளையா, தங்கச்சி பிள்ளையா என்று கேட்டார். அவன் இல்லையென்று தலையாட்டினான்.

கிரேன்காரருக்கு முகம் சூடேறியது. இத்தனை நாளும் யாருக்குச் சொன்னேன்? ஒரு கிழவனை வைத்து வேடிக்கை பார்த்தானா? பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“நீங்க வேலைக்கு வந்த மூணாம் நாள் என்கிட்ட ஒண்ணு கேட்டீங்கண்ணே” என்றான் அவன். “ஞாபகம் இருக்கா?”

இருந்தது.

அப்போது அவருடைய மனைவி இறந்து இருபது நாள்கூட ஆகியிருக்கவில்லை. அன்று பதினோரு மணிக்கு இவராகத்தான் கூப்பிட்டார். சும்மா கேட்பது போலத்தான் கேட்டார்: இங்கேயிருந்து ஒரு ஆள் விழுந்தால் தரைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

வாக்கி டாக்கியில் அவசரமாக அவன் குரல் வந்தது. அது தனக்குத் தெரியாது என்றான். வீட்டில் பாப்பா ஒன்று கேட்டாள், வானம் ஏன் நீலமாக இருக்கிறதென்று, அதுவும் தெரியவில்லை என்றான். நாளைக் காலையில் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டான்.

கிரேன்காரர் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

சிக்னல்காரன் தன் போனை எடுத்து அவருடைய எண்ணைக் கேட்டான். அவர் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். சரிதானா என்று பார்க்க அங்கேயே கூப்பிட்டான். இரண்டடி தூரத்தில், இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

“கேக்குதாண்ணே?”

“கேக்குது தம்பி.”