காலையில் மக்கர் பண்ணும் எஞ்சின்

"நீதான் அந்தத் தங்கச்செல்வியா?"

சௌந்தரம் கேட்ட விதத்தில், வாசலில் ஒரு செருப்பைக் கழற்றியவள் மறு செருப்போடு அப்படியே நின்றாள்.

"ஆமா மதினி."

"மதினியா? அதுக்குள்ள முறை வேறயா? உள்ள வந்து உக்காரு."

சௌந்தரத்தின் கணவர் ஜெயபாண்டிக்கு அருப்புக்கோட்டையில் கிணற்று மோட்டார், டீசல் எஞ்சின் பழுது பார்க்கும் தொழில். தங்கச்செல்விக்குத் தொண்டிக் கடற்கரையில், சுற்றுலா வருகிறவர்களை வாட்டர் ஸ்கூட்டரில் ஏற்றிக் கடலைச் சுற்றிக் காட்டும் பிழைப்பு.

"விடிஞ்சும் விடியாம அவுக போன்ல உன் பேரு மின்னும். உடனே தூக்கிட்டு மாடிக்குப் போயிருவாக. அப்படி என்ன பேச்சு?"

"எஞ்சின் பேச்சுதான் மதினி. ராத்திரி நிறுத்துன வண்டி காலையில கிளம்பாது. ஒருக்கா சூடேறிட்டா நாள் பூரா ஓடும். அதுக்குள்ள வந்த ஆளுக எல்லாம் பக்கத்து வண்டியில ஏறிருவாக. அண்ணன்கிட்ட கேப்பேன். அவுக குரலைப் பதிஞ்சு அனுப்புவாக."

"குரல் வேற அனுப்புவாகளா?" சௌந்தரம் அவள் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள். "எங்க, போடு. நானும் கேக்குறேன்."

தங்கச்செல்வி தயங்கித் தயங்கிப் போனைத் தட்டினாள். ஜெயபாண்டியின் குரல் கூடத்தை நிறைத்தது.

"ஏம்மா தங்கம், சும்மா பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்காத, பேட்டரி செத்துரும். பிளக்கைக் கழட்டிப் பாரு. ஈரமா இருக்கா, காஞ்சு கெடக்கா?"

"தங்கமா?" சௌந்தரம் நிமிர்ந்தாள். "தாலி கட்டுன நாள்ல இருந்து எனக்கு 'ஏய்'தான் பேரு."

அடுத்தது ஓடியது.

"காஞ்சு கெடந்தா பெட்ரோல் வரலைன்னு அர்த்தம். எங்க ஊர்க் கிணத்துல குழாயடியில இருக்குற ஃபுட்வால்வு கசிஞ்சா, குழாய்த் தண்ணி பூரா ராத்திரியோட கீழ இறங்கிரும். காலையில மோட்டாரு வெறுங்காத்தைத்தான் இழுக்கும். உன் வண்டியிலயும் அதே கதை. டியூப்ல ஏறுன பெட்ரோலு டேங்குக்குத் திரும்பாம புடிச்சு வைக்க ஒரு குட்டி வால்வு இருக்கும். அது போச்சு. உப்புக்காத்துல அதுவும் என்னதான் செய்யும், பாவம்!" பிறகு ஒரு சிரிப்பு.

அப்படி ஒரு சிரிப்பைச் சௌந்தரம் இந்த வீட்டுக்குள் கேட்டதே இல்லை.

"இன்னும் இருக்கா?"

"நெறைய இருக்கு மதினி."

"எங்கிட்ட 'சோறு போடு', 'லைட்டை அமத்து', அவ்வளவுதான். நான் வாய் வலிக்கப் பேசினாலும் தலையைத்தான் ஆட்டுவாக. உனக்கு மட்டும் கிணத்துக் கதை, கடல் கதை, சிரிப்பாணி! எதைக் காட்டி மயக்குன தாயி?"

தங்கச்செல்வியின் கண் கலங்கிவிட்டது.

"அண்ணனை நேர்ல ஒருநாள்கூடப் பாத்ததில்ல மதினி. தெரிஞ்சவுக குடுத்த நம்பருதான். அவுக சொன்னபடி வால்வை மாத்தினேன். ஒரே அமுக்குல கிளம்பிருச்சு. அந்தச் சந்தோசத்தைச் சொல்லத்தான் போன் போட்டேன். நீங்க எடுத்துச் சேதியைச் சொன்னீக. கிளம்பி வந்துட்டேன். உங்களுக்குப் பிடிக்கலைன்னா, இந்தா, உங்க கண்ணு முன்னாலயே எல்லாத்தையும் அழிச்சிர்றேன்."

அவள் விரல் திரையில் படுவதற்குள் சௌந்தரம் பாய்ந்து போனைப் பிடுங்கினாள்.

"அழிச்சிராதடி! அவுக போன்ல பூட்டுப் போட்டிருக்கு, எனக்குத் திறக்கத் தெரியல. அவுகளைத் தூக்கிட்டுப் போனதுல இருந்து இந்த வீட்டுல அவுக குரலே இல்ல. ஒண்ணு விடாம எனக்கு அனுப்பு."

எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, துக்கம் கேட்க வந்த வீட்டு முறைப்படி "போயிட்டு வாரேன்" என்று சொல்லாமல் தங்கச்செல்வி படியிறங்கினாள். அவள் தெருமுனை திரும்பும்வரை உள்ளே ஜெயபாண்டி பேசிக்கொண்டே இருந்தார்.