ஏழாவது வீட்டுத் தேத்தண்ணி

பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பழனியாண்டி சமையலறைக்குள் ஓடினார்.

“டிலானி, அடுப்பப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத. தெரிஞ்சா இந்தச் சம்பந்தமும் போயிரும்.”

பாவம், அவர் பயம் நியாயமானதுதான். கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று அலுத்துப்போன மகள், மஹய்யாவவில் இருக்கும் தங்கள் வீட்டுக் கக்கூஸ் குழியை மூடித் தொட்டியாகக் கட்டவைத்து, அதில் வரும் வாயுவில்தான் இரண்டு வருடமாகச் சமைக்கிறாள். போன முறை வந்தவர்கள் விஷயம் தெரிந்ததும் வடையைத் தட்டிலேயே துப்பிவிட்டுப் போனார்கள்.

மாப்பிள்ளையின் தாய் சிவபாக்கியமோ, கதிரையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். பழனியாண்டி அவசரமாகப் பேச்சைத் தொடங்கினார்.

“தம்பிக்கு என்ன வேலைன்னு தரகர் சரியாச் சொல்லலீங்களே?”

“குண்டசாலையில, எனர்ஜி கம்பனி” என்று அவசரமாக முடித்து, அவள் தேத்தண்ணியை உறிஞ்சினாள். “அடடா, என்னா ருசி! சிலிண்டர் விக்கிற விலைக்கு இப்பிடிக் கொதிக்க வைக்க யாரால முடியும்?”

“சிலிண்டர் இல்லீங்க அத்தை. கக்கூஸ் குழி கேஸு.”

டிலானிக்குப் பொய் வராது.

கோப்பை அந்தரத்தில் நின்றது. பழனியாண்டி கண்ணை மூடிக்கொண்டார்.

சிவபாக்கியம் மகனைப் பார்த்தாள். ரவிகுமார் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, ஒங்ககிட்ட மறைச்சிட்டோம். கம்பனியில இவன் கட்டுறதே அந்தக் குழியத்தான். ஆறு வீட்ல உண்மையச் சொன்னோம். ஒரு வீட்லயும் தேத்தண்ணியே வரல.”

மீதியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டிலானியிடம் கோப்பையை நீட்டினாள்.

“இன்னுங் கொஞ்சம் ஊத்தும்மா.”