முப்பத்தொன்றாம் பக்கம்

"இங்கேயே நிறுத்திட்டேம்மா. இதுக்கு மேல படிக்க என்ன இருக்கு?"

வெளித் தேர்வாளர் ஆய்வேட்டின் முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தபடியே மேசையில் போட்டார்.

பள்ளிக்கூட வேலைக்கு நடுவே எட்டு வருடம் உழைத்து அதை எழுதிய டீச்சர், கரும்பலகை ஓரமாக நின்றிருந்தாள். அன்று அவளுக்கு வாய்மொழித் தேர்வு. தேறினால் டாக்டர் பட்டம். கடைசி வரிசையில் அவள் கணவர், கணக்கு என்றாலே காத தூரம் ஓடுகிறவர், கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"தளத்துல இருக்கற புள்ளிகளை இடம் மாத்திட்டு, திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவரக்கூடிய உருமாற்றங்கள். அதுகளோட மொத்தத் தொகுப்பான குலத்தைப் பத்தித்தானே உன் ஆய்வு?"

"ஆமா சார்."

"கோட்டைக் கோடாவே விடற சாதாரண உருமாற்றங்கள், எண்களைத் தலைகீழாக்கற உருமாற்றம் ஒண்ணு. இதுகளை மாத்தி மாத்திச் செஞ்சா மொத்தக் குலமும் கிடைச்சுடுமா? எந்த வகை எண்ணா இருந்தாலும்?"

"அப்படித்தான் எழுதியிருக்கு சார்."

"கலப்பெண்ணுக்குச் சரி. மெய்யெண்ணுக்கு?" எழுந்து வந்து பலகையில் வட்டம் ஒன்று போட்டார். "உள்ளே இருக்கறதை வெளியே, வெளியே இருக்கறதை உள்ளே அனுப்பற உருமாற்றம். இது வேலை செய்யாம அறுந்துபோற மூணு புள்ளியில ரெண்டு கற்பனைப் புள்ளி. நீ சொன்னதுல அறுந்துபோறது எல்லாமே மெய்ப்புள்ளி. ஆயிரம் தடவை மாத்திப் போட்டாலும் அதுல இருந்து இது வருமா?"

"வராது சார்."

"இதை எழுதின கைக்கு சாக்பீஸ் வேற குடுத்திருக்காங்க. பிள்ளைங்க பாவம்."

கணவர் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல வெளியே போய்விட்டார்.

டீச்சருக்கு ஆய்வில் வழிகாட்டிய நெறியாளர் அம்மா தேர்வாளருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். இப்போது அறிக்கைத் தாளைத் தேர்வாளர் பக்கம் நகர்த்தினார். "நீங்க சொன்னதை அப்படியே எழுதிடுங்க சார். பின்னால பேச்சு வரக்கூடாது பாருங்க."

தேர்வாளர் நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'இக்கூற்று அடிப்படையிலேயே பிழை. இதை எழுதியவர் முதலாம் ஆண்டுப் பாடத்தை மீண்டும் படிக்க வேண்டும்.' தேதியும் கையெழுத்தும் போட்டார்.

நெறியாளர் தாளை வாங்கி உறைக்குள் வைத்தார்.

"ரொம்ப நன்றி சார்" என்றாள் டீச்சர். "அடுத்த பக்கத்துலயே நானும் இந்த வட்டத்தைத்தான் வரைஞ்சிருக்கேன். மெய்யெண்ணுக்கு வேற எந்தெந்த உருமாற்றம் வேணும்னு கண்டுபிடிச்சதுதான் மீதி ஆய்வேடு."

தேர்வாளர் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார். "அப்போ அந்த முப்பத்தொண்ணாம் பக்கம்?"

"அது நீங்க எழுதின பாடப்புத்தகத்துல இருந்து வரி மாறாம எடுத்தது சார். தப்புன்னு நாலு கடிதம் போட்டேன், பதிலே வரலை. அதான் உங்களையே தேர்வாளரா போடச் சொல்லி மேடம்கிட்ட கேட்டேன்."