துப்பட்டாவின் மறுமுனை

விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் ‘பாறை ஏறுவது’ என்று எழுதியிருந்தாள் பெனிட்டா. மருத்துவக் கல்லூரி நேர்காணலில் அதுவே வினையாகிவிட்டது.

“சொந்த உயிரையே பணயம் வைக்கிறவகிட்ட நோயாளியை எப்படிம்மா ஒப்படைக்கிறது?” என்றார் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியை.

பெனிட்டா எழுந்தாள். துப்பட்டாவை உருவி இடுப்பில் கட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டாள். மறுமுனையை மேசைக்கு மேலாக நீட்டினாள்.

“நான் போட்ட முடிச்சை மட்டும் நம்பி ஏற மாட்டேன் மேடம். கீழே கயிறு பிடிக்கிறவங்க இழுத்துப் பார்த்துச் சரின்னு சொல்லணும்.”

பக்கத்து நாற்காலியில் யாரோ சிரித்தார்கள். பேராசிரியை சிரிக்கவில்லை. எழுந்து வந்து முடிச்சை விரலால் நிமிண்டிப் பார்த்தார். துப்பட்டாவைச் சுண்டி இழுத்தார். பிறகு மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார்.

“ஏறு” என்றார்.