கொட்டகையில் மின்வெட்டு

“லீட்ஸ்ல உன்னை விட்டா எலெக்ட்ரீஷியனே இல்லைன்னாங்க! தினமும் சரியா ஒரு மணிக்குத் தோட்டக் கொட்டகையில கரண்ட் போயிடுது. சாப்பிட்டுப் போனா தானா வந்துடுது!” கிளிஃபர்ட் என்னை வறுத்தெடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனார்.

இதே புகாருக்கு நான் வருவது இது மூன்றாவது முறை. வீட்டிலிருந்து கொட்டகை வரை இரண்டடி ஆழத்தில் கவசக் கேபிள் புதைத்தவன் நான். இன்றும் முழுக்கச் சோதித்துவிட்டேன். ஒரு குறையும் இல்லை. அடுக்களையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மணி ஒன்று. அவர் மனைவி டோரீன் ஆட்டுக்கறியை மேசையில் வைத்தாள். பாதுகாப்புக்கென்று அவள் கேட்டு, அடுக்களைச் சுவரில் நான் பொருத்திக் கொடுத்த கொட்டகைச் சுவிட்சை அணைத்தாள்.

“ஏம்மா!”

“முப்பது வருஷமா சாப்பிடக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போச்சு, தம்பி. மூச்சு விட்டுடாதே.”

கிளிஃபர்ட் ஓடி வந்தார். “பாத்தியா? போயிடுச்சு!”

“கையைக் கழுவிட்டு உட்காருங்க,” என்றாள் டோரீன்.