வஹீதாவுக்கு மட்டும் ஐந்து வருஷம்

"இது அநியாயம் சார்!"

மூர்த்தி பத்திரத்தை மேஜைமேல் போட்டான். ஆம்பூர் பஜாரில் 'இன்பம் வீடியோஸ்' தொடங்கிய நாளிலிருந்து அவன்தான் கேமராமேன். முதலாளி இன்பசேகரனிடம் அவன் குரலை உயர்த்தியது இதுதான் முதல் தடவை.

"எங்க எல்லாருக்கும் ஒரு வருஷ ஒப்பந்தம். வஹீதாவுக்கு மட்டும் இன்னா சார் அஞ்சு வருஷம்?"

1999-ல்தான் இன்பசேகரன் ஊழியர்களிடம் பத்திரத்தில் கையெழுத்து வாங்க ஆரம்பித்திருந்தார். தொழில் கற்றுக்கொண்டவர்கள் எதிரிலேயே கடை போட்டால் அவரும்தான் என்ன செய்வார்! அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் வஹீதாவின் பத்திரத்தில் கூடுதலாக ஒரு ஷரத்து. திருமணமானாலும் ஐந்து வருஷம் வேலையை விடக் கூடாது. மீறினால் கோர்ட்டில் வழக்கு.

அவளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ்.

"கல்யாணம் ஆகப்போற பொண்ணை இப்படிக் கட்டிப் போடறீங்களே! என் பொண்டாட்டி ஷூ கம்பெனிக்குப் போய்ட்டிருந்தா. தாலி கட்டின மறுநாளே நிறுத்திட்டேன். ராணி மாதிரி வூட்ல இருக்கா."

"அவங்களைக் கேட்டியா?"

"எதைக் கேக்கணும்?"

"ஒண்ணுமில்ல. போய் வேலையப் பாரு."

சரியான காரியவாதி என்று முணுமுணுத்தான் மூர்த்தி. வஹீதாவை அவர் லேசில் விட மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். நிக்காஹ் வீட்டில் பெண்கள் பகுதிக்குள் ஆண் கேமராமேன் நுழைய முடியாது. வாணியம்பாடியிலிருந்து மேல்விஷாரம் வரை அங்கே கேமரா தூக்கும் ஒரே பெண் வஹீதா. அந்தக் கேசட்டை எடிட் செய்வதும் அவளேதான். அப்போது அறைக்குள் ஓர் ஆண் தலை தெரியக் கூடாது. கனமான கேமராவைத் தோளில் வைத்து மூன்று மணி நேரம் நின்றாலும் படம் துளி ஆடாது. "அவளுக்கு ஸ்டாண்டே வேணாம்" என்று மூர்த்தியே போகிற இடமெல்லாம் பெருமையடிப்பான்.

மதியம் அவளுடைய வருங்கால மாமனார் ஹபீப் கடைக்கு வந்தார். தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். வஹீதா எடிட்டிங் அறை வாசலில் தலைகுனிந்து நின்றாள்.

"சார், எங்க வூட்ல பொம்பளைங்க வேலைக்குப் போற வழக்கம் இல்ல. பொண்ணை விட்ருங்க."

"முடியாது பாய்" என்றார் இன்பசேகரன், ஈவிரக்கமே இல்லாமல். "பத்திரத்துல கையெழுத்து போட்டிருக்கா. மீறினா கோர்ட்லதான் பார்க்கணும்."

மூர்த்திக்கு ரத்தம் கொதித்தது. வயசான மனுஷரிடம் பேசுகிற பேச்சா இது!

ஹபீப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரத்தை வரிவரியாகப் படித்தார்.

"இது நீ போட்ட கையெழுத்துதானாம்மா?"

"ஆமாங்க மாமா."

"யாரும் மிரட்டி வாங்கலையே?"

"இல்லைங்க."

ஹபீப் பத்திரத்தை மடித்து மேஜைமேல் வைத்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முப்பது வருஷமா தோல் தொழில்ல இருக்கேன் சார். கையெழுத்து போட்ட ஆர்டரை, நஷ்டம்னாலும் எங்க கம்பெனி அனுப்பாம விட்டதில்ல. எங்க வூட்டு மருமக கையெழுத்து போட்டுட்டுப் பின்வாங்கிட்டான்னு ஒரு பேச்சு வரக் கூடாது. அஞ்சு வருஷமும் வருவா. நிக்காஹ் முடிஞ்சு பத்து நாள் மட்டும் லீவு குடுங்க, போதும்."

சலாம் சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் தெருமுனை தாண்டியதும் மூர்த்தி பொங்கிவிட்டான்.

"அந்தப் பெரிய மனுஷன்கிட்ட இருக்கிற பெருந்தன்மையில கால்வாசியாவது உங்ககிட்ட இருக்கா சார்? இந்தப் பொண்ணு பாவம் உங்களைச் சும்மா விடாது!"

இன்பசேகரன் பத்திரத்தை எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

வஹீதாதான் தலை நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை மூர்த்தி அதுவரை பார்த்ததில்லை.

"சாரைத் திட்டாதீங்கண்ணா. பத்து வருஷம்னு எழுதுங்கன்னு நான்தான் கெஞ்சினேன். அவர்தான் அஞ்சுக்கு மேல ஒத்துக்கல."