தூம் தூம் என்று வருகிறவன்

கிராமபோன் ஊசி இசைத்தட்டில் இறங்குவதற்குள் மரிய ஜோசப் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிடிக்கவில்லை என்றால் அப்படியே எழுந்து போக வசதி.

அடுக்களையில் கோழிக்குழம்பு கொதித்தது. கெங்குவார்பட்டியிலிருந்து வந்த பெண் வீட்டார் யாருக்கும் அந்த வாசனை தெரியாதது மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள், சம்மதம் என்றால்தான் அங்கே சாப்பிடுவார்கள். இல்லையென்றால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியைப் பூட்டிவிடுவார்கள்.

ரோசம்மாள் வீட்டுக்கு இதுவரை வந்தவர்கள் எல்லாரும் வண்டியைத்தான் பூட்டினார்கள். ஒவ்வொரு முறையும் குழம்பை அவளும் பூனையும் தின்று தீர்த்தார்கள்.

மகன் ஆரோக்கியசெல்வத்திடம் ஒரு குறையும் இல்லை. கல்கத்தாவில் ஓர் ஓட்டல் பேண்டில் டிரம்பெட் ஊதுகிறான். அதுதான் குறை.

பெண்ணைப் பெற்ற மரிய ஜோசப்பிடம், பையன் பேண்டில் வாசிக்கிறான் என்று மட்டும் தரகர் சொல்லியிருந்தார். எதை வாசிக்கிறான் என்று சொல்லவில்லை. ரோசம்மாளும் வாயைத் திறக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்த மகன், தன் பேண்டு பதிவு செய்த இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு என்று மரிய ஜோசப் சொல்லி அனுப்பியிருந்தார்.

விருந்தாளி வருகிற நாள். ரோசம்மாள் விடிவதற்கு முன்பே எழுந்து, வீட்டிலிருந்த அத்தனை சாமானையும் புளியும் சாம்பலும் போட்டு விளக்கிக் கொல்லையில் வெயிலுக்கு வைத்திருந்தாள்.

ஏலக்காய் வியாபாரி ராக்கையா கிராமபோனைக் கொண்டுவந்திருந்தார். சீமைக்குத் திரும்பிப் போன எஸ்டேட் துரை விற்றது. சாவியைச் சுற்றி, ஊசியை இறக்கிவிட்டு, அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்குப் பேரு ஜாஸுங்க" என்றார்.

தட்டு கரகரத்தது. பிறகு நாலைந்து பேர் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் புகுந்ததுபோல் இருந்தது.

"ஏண்ணே, ஒருத்தன் முடிக்கங்குள்ள இன்னொருத்தன் வாயப் போடுறானே" என்றாள் மரிய ஜோசப்பின் தங்கை சவேரியம்மாள். "பங்காளிச் சண்ட கெணக்கா இருக்கு."

"சத்தம் போடாத. ஆளப் பாக்க வந்துருக்கோம்."

மரிய ஜோசப் கண்ணை மூடிக்கொண்டு ஆளைப் பார்த்தார்.

கிளாரினெட் வந்தது.

"இவன் அழுகுணி" என்றாள் சவேரியம்மாள். "எடுத்ததுக்கெல்லாம் மூக்கச் சிந்துவான்."

பியானோ வந்தது.

"இவன் அவசரக்காரன். சோத்துல கை வைக்கங்குள்ள எந்திரிச்சுருவான்."

டிரம்பெட் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதுபோல் வந்து, பொத்திய கையை எடுத்துவிட்டு, ஒரேயடியாகச் சிரித்தது.

மரிய ஜோசப் கண்ணைத் திறந்தார்.

"இவன் குடிச்சுருக்கான்."

ரோசம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"பெரியவக இருக்க எடத்துல என்னா சிரிப்பு? இவன் மட்டும் நமக்கு ஆகாது" என்றவர், காதைக் கிராமபோன் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இந்தா, பின்னாடி ஒருத்தன் தூம் தூம்னு வாரான் பாரு. அம்புட்டுப் பேரும் ஆடுறாக. இவன் பாரம் ஏத்துன மாடு கெணக்கா, தடம் மாறாம வாரான். ஒரு வார்த்த பெருமை பேசல."

தட்டு முடிந்தது. ஊசி சும்மா உரசியது.

"ஏம்மா, இதுல ஒங்க மகன் எது?"

குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. ரோசம்மாள் சிலுவைப் படத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்தத் தூம் தூம்தேன்."

மரிய ஜோசப் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்தார்.

"அப்ப எலையப் போடு தங்கச்சி" என்றார் ரோசம்மாளிடம்.

சவேரியம்மாள் இரண்டு முறை குழம்பு கேட்டு வாங்கினாள். மரிய ஜோசப் கடைசியில் மோர்ச் சோற்றையும் வழித்துத் தின்றுவிட்டு, கை கழுவக் கொல்லைக்குப் போனார். ரோசம்மாள் செம்பில் தண்ணீரோடு பின்னால் ஓடினாள். கொஞ்சம் பிந்திவிட்டாள்.

விளக்கிய சட்டிகளுக்கும் மிளகாய் வத்தலுக்கும் நடுவில் அது கிடந்தது. கறுப்பாக, வட்டமாக, சுட்ட அப்பளம் மாதிரி நாலு பக்கமும் நெளிந்து.

"இதென்ன தங்கச்சி?"

"மகன் குடுத்த பிளேட்டுண்ணே. நீங்க வாரீகளேன்னு நல்லா வெளக்கி வெயில்ல வச்சேன்."

"அப்ப உள்ள ஓடுனது?"

"அது தொரை வீட்டுப் பிளேட்டு. ராக்கையா அண்ணன்கிட்ட இருந்துச்சு."

உள்ளே கிராமபோன் பெட்டியை ராக்கையா அவசரமாக மூடுகிற சத்தம் கேட்டது.

ரோசம்மாள் ஊற்றிய தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு, மரிய ஜோசப் ஈரக் கையோடு நின்றார். அவர் வயிற்றில் கோழி இருந்தது.

"சரி, இதுல மாப்ள எது?"

ரோசம்மாள் செம்பைக் கீழே வைத்தாள்.

"சிரிக்கிறவன்தேண்ணே."

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். தட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு, வத்தலைப் புரட்டிப் போடுகிற மாதிரி அதை மறுபக்கமாகப் புரட்டி, நெளிவு நிமிரட்டும் என்று வெயிலிலேயே வைத்தார்.